கச்சான் வீசும் நாட்கள்

ஜூலை 9
29 வாரத்தில் பிறந்த குறைமாதப் பிள்ளை, 1,100 கிராம். தாயின் சீம்பால் வந்துவிட்டது! இரண்டு கன்னத்தின் உட்புறத்திலும் 0.1 மில்லிலீட்டர், மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. பிள்ளை விழுங்கவேண்டும் என்றில்லை.

ஜூலை 10
இரைப்பைக் குழாயில் பால் தொடக்கம். கிலோவுக்கு நாளைக்கு 20 மில்லி. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்றால் தடவைக்கு 1.8 மில்லி. "இவ்வளவுதானா?" என்று அம்மம்மா கேட்டா. இது பசி தீர்க்க அல்ல, அம்மா. பால் படாத குடலின் உட்தோல் மெலிந்துபோகும்.

ஜூலை 12
திரும்பவும் பால்மாப் பேச்சு. எடை கூடும் என்கிறார்கள். குடலை யார் பார்ப்பது? குறைமாதக் குடலில் சளிப்படலம் மெல்லிசு, கலங்களுக்கு (செல்களுக்கு) இடையில் பிடிப்புத் தளர்வு. கிருமியை உணரும் டிஎல்ஆர்-4 ஏற்பி அளவுக்கு மிஞ்சி இருக்கும். அது தூண்டப்பட்டால் கலங்கள் சாகும், இரத்த ஓட்டம் குறையும், சுவர் அழுகத் தொடங்கும். தாய்ப்பாலில் உள்ள மேற்றோல் வளர்ச்சிக் காரணி அந்தத் தூண்டலை அடக்குகிறது. ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் கிருமியைச் சுவரில் ஒட்டவிடாது. லக்டோபெரின் என்ற புரதம் கிருமிக்கு வேண்டிய இரும்பைப் பிடித்துவைக்கும். ஒலிகோசக்கரைட்டுகள் என்ற பால் சர்க்கரைகள் பிள்ளைக்குச் செரிக்காது. குடலுக்கு நல்லது செய்யும் பிபிடோ பக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. 1990இல் லூக்கஸ், கோல் என்ற ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்: பால்மா மட்டும் குடித்த குறைமாதப் பிள்ளைகளில் குடல் அழுகல், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு கூட.

ஜூலை 13
கச்சான், வெக்கை. மூதூரிலிருந்து தாயின் பால் ஐஸ் பெட்டியில் வருகிறது. வெளியில் 4 மணித்தியாலம் என்பது 25 பாகைக்குச் சொன்ன கணக்கு. இந்த வெயிலுக்குப் பொருந்தாது. எடுத்த கையோடு ஐஸுக்குள். பிரிட்ஜில் 4 பாகையில் 4 நாள். உறைந்ததை இளக்கினால் 24 மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும், திரும்ப உறையவைக்கக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். சூடு காப்புப் புரதங்களைக் கெடுக்கும்.

ஜூலை 14
சிரிஞ்சில் கொழுப்பு ஒட்டிநிற்கிறது. பம்பில் படுக்கவைத்தால் கொழுப்பு மேலே மிதந்து உள்ளேயே தங்கும், பிள்ளைக்குப் போவது தண்ணிப்பால். நுனியை மேல்நோக்கிச் சாய்த்தால் கொழுப்பு முதலில் போகும். முடிந்தவரை பம்பை விட்டு, தூக்கிப்பிடித்து வழியவிடுவதே நல்லம்.

ஜூலை 15
வயிறு மெத்தென்று. மலம் மஞ்சள்.

ஜூலை 16
கிலோவுக்கு 30 மில்லி கூட்டி 50 ஆக்கியாச்சு. தடவைக்கு 4.6. சிரிஞ்ச் இன்றும் படுத்தபடி! சரிபண்ணியாச்சு.

ஜூலை 17
குழாயில் பச்சையாகப் பித்தம். வயிறு இறுகி மினுங்குது. பால் உடனே நிறுத்தம், குழாய் திறந்துவிட்டாச்சு. மலத்தில் இரத்தமில்லை. எக்ஸ்ரே படத்தில் குடல் அழுகலின் அடையாளமாகக் குடற்சுவருக்குள் காற்றுக் குமிழ் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். பிள்ளையைப் பெற்ற தங்கச்சியிடம் சொல்லியாச்சு: பிள்ளைக்கு நிறுத்தினாலும் நீங்கள் பால் எடுப்பதை நிறுத்தாதேங்கோ, நாளைக்கு 8 தடவை, இரவிலும். திரும்பத் தொடங்கும்போது அந்தப் பால்தான் வேணும்.