ஸ்டென்ட் வைத்தாயிற்று, பயம் போகவில்லை

அப்பாவுக்கு மாரடைப்பு, ஆஞ்சியோ, ஸ்டென்ட், டிஸ்சார்ஜ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கைகொடுத்தது. நாங்கள் அலைந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாதக்கணக்கில் அவர் சரியாகப் படுத்துத் தூங்கவில்லை. உட்கார்ந்தபடியே மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். குளியலறைக்குப் போனால் தாழ்ப்பாள் போடமாட்டார். என்னப்பா என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா." ராத்திரியில் படபடப்பு என்று வில்லிவாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து கேஷுவால்டிக்கு ஓடுவோம். ஈசிஜியும், மாரடைப்பா என்று பார்க்கும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட்டு நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள்.

ரிவ்யூவில் இதய மருத்துவர் எக்கோவைப் பார்த்தார். "பம்பிங் நல்லா இருக்கு" என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. நான் நகராமல் நின்று மனநல ஓபிக்குச் சீட்டு எழுதி வாங்கினேன். அங்கே கவுன்டரில், டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாமல் பதிய முடியாது, செராக்ஸும் ஆகாது என்று திருப்பி அனுப்பினார்கள். போனில் விசாரித்தபோதே சொல்லியிருக்கலாம்.

அடுத்த முறை நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு பணியாளர் கேள்வித்தாளை எடுத்து வந்து, வரிசையில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, "பயமா இருக்கா? அழுகை வருதா?" என்று சத்தமாகப் படித்தார். நாற்பது வருஷமாக எதையும் வெளியே சொல்லாத மனிதர் அங்கே என்ன சொல்வார்? எல்லாவற்றுக்கும் "இல்லை." மதிப்பெண் குறைவு, பிரச்சினை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் வேறொரு இடத்தில் ஓர் உளவியலாளர் கிடைத்தார். என்னையும் அம்மாவையும் வெளியே உட்காரச் சொன்னார். தமிழில் அச்சிட்ட தாளை அப்பா கையிலேயே கொடுத்தார். இந்தத் தடவை பதற்றம் அதிகம் என்று வந்தது. சதா கவலைப்படுவது, அதை யாரிடமும் காட்டாமல் அடக்குவது: இரண்டும் சேர்ந்த குணத்தை 'டைப் டி' என்கிறார்களாம். நெதர்லாந்தில் பணியாற்றிய பெல்ஜிய உளவியலாளர் யோகான் டெனோலெட் அதை அளக்க 2005-ல் 14 கேள்விகள் கொண்ட தாளை வெளியிட்டிருக்கிறார். ஸ்டென்ட் வைத்தவர்களில் இந்தக் குணமுள்ளவர்களுக்குப் பதற்றம் ஓராண்டு கழித்தும் நீடிக்க வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றனவாம். இதை டிஸ்சார்ஜ் அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு ராத்திரிகள் மிச்சமாகியிருக்கும்!

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், கேள்விகளைத் தனியறையில் கேட்கச் சொல்லி வற்புறுத்துங்கள். மாத்திரைச் சீட்டு முழுவதையும் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுபவர்களுக்குச் சில மனச்சோர்வு மாத்திரைகள் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி உண்மையிலேயே தேவைப்படுவது இதற்குத்தான். இதய மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. நெஞ்சுவலி வந்தால் பதற்றம்தான் என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நேரில் போகத் தயங்குபவர்களுக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது: 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

அப்பா இப்போது டவர் பார்க்கில் தினமும் நடக்கிறார். போன ரிவ்யூவில் எக்கோவைப் பார்த்துவிட்டு மருத்துவர் எழுந்தபோது, "டாக்டர், ராத்திரி பயமா இருக்கு" என்று அவரே சொன்னார். மருத்துவர் திரும்ப உட்கார்ந்தார்.