ஐபிபிடிக்கு முன்னால் பத்து வாரம்

சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்து ரிசர்வில் இருக்கும் பையன்கள் பலர் செய்வதைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். ஐபிபிடி உடல்தகுதித் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது விழித்துக்கொள்வது, தினமும் ராத்திரி கை நடுங்கி விழும்வரை புஷ்-அப், அப்புறம் கொஞ்சம் சிட்-அப், அவ்வளவுதான். இரண்டு வருஷமாக ஒரு நிமிடத்தில் 28 புஷ்-அப்பைத் தாண்டவே இல்லை.

ஒருநாள் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தம்பி எனக்கு எண்ணிக்கொண்டிருந்தான். 22 வரை சத்தமாக எண்ணியவன் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. என்னடா என்றேன். "அண்ணே, இடுப்பு தொங்குது, கை முழுசா நீளல. இதெல்லாம் கணக்குல வராது." தரையில் பார்த்தால் வியர்வையில் பதிந்த என் கைத்தடங்கூட முன்பக்கமாக இழுபட்டிருந்தது. ஆக, தினமும் களைத்த உடம்போடு ஆறு தப்பான புஷ்-அப்களைத்தான் பழகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கே முறையை மாற்றினேன். முடிந்தது 22 என்றால் ஒரு செட்டுக்கு அதில் பாதி, 11. நிமிடம் தொடங்கும்போது 11 எடுத்துவிட்டு மீதி நேரம் மூச்சு வாங்குவது, அடுத்த நிமிடம் மறுபடி 11, இப்படி ஆறு தடவை. ஒரே மூச்சில் 22-ல் நின்றுவிடும் அதே தோள், பிரித்துக் கொடுத்தால் 66 சுத்தமான புஷ்-அப் போடுகிறது, வலிமை கூடுவது அங்கேதான். சிட்-அப்பும் அதே நாளில் அதே மாதிரி. வாரம் மூன்று நாள், நடுவில் கட்டாயம் ஒருநாள் ஓய்வு. வாரம் ஒன்றாகக் கூட்டினேன், இடுப்பு தொங்கினால் கூட்டவில்லை. முழு ஒரு நிமிடச் சோதனை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும்.

ஆனால் நாம் ஏமாறுவது ஓட்டத்தில்தான். 2015-ல் தேர்வின் ஐந்து பயிற்சிகளைப் புஷ்-அப், சிட்-அப், ஓட்டம் என மூன்றாகக் குறைத்தபோதே 100 புள்ளியில் 50 ஓட்டத்துக்குப் போய்விட்டது, புஷ்-அப்புக்கும் சிட்-அப்புக்கும் தலா 25தான். அப்படியிருக்க முக்கால்வாசி நேரத்தைத் தரையிலேயே செலவழிப்பது எனக்கு வீணாகத்தான் படுகிறது. 2.4 கிலோமீட்டர் என்றால் திடலில் ஆறு சுற்று. 12 நிமிடத்தில் முடிக்கச் சுற்றுக்கு சரியாக 2 நிமிடம். முன்பெல்லாம் முதல் சுற்றை 1:40-க்கு ஓடிவிட்டு நாலாவது சுற்றில் நடந்திருக்கிறேன். இப்போது புதன்கிழமை இரவு, வெக்கை தணிந்தபின், 400 மீட்டரை 1:55-க்கு ஆறு தடவை, நடுவில் ஒன்றரை நிமிடம் நடை. ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 5 கிலோமீட்டர். அந்த மெதுவான ஓட்டத்தைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள், கடைசிச் சுற்றுக்கு மூச்சு அதிலிருந்துதான் வருகிறது.

பத்தாவது வாரம் தேர்வில் புஷ்-அப் 36, ஓட்டம் 11:48. முதல்முறையாக வெள்ளித் தரம் கிடைத்தது. தம்பிக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

உங்களுக்கு ஆறு வாரம்தான் மிச்சம் என்றால் இந்த வாரமே ஓட்டத்தை ஆரம்பித்துவிடுங்கள். புஷ்-அப்பை வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு செட், வந்தபின் இரண்டு செட் என்று பிரித்துக்கொள்ளலாம். எண்ணுவதற்கு மட்டும் கறாரான ஆளாகப் பார்த்து உட்கார வையுங்கள்.