விண்டோஸ் 10 ஏற்றியதும் படுத்துவிட்ட என் மடிக்கணினி

2014-இல் இலங்கை மலையகத்தில் பத்தனை ஸ்ரீ பாத தேசிய கல்வியியற் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா தன் சேமலாப நிதிக் காசில் வாங்கித் தந்த மடிக்கணினி இது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 8.1. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த காசு. அதனால்தான் "தூக்கிப் போடு" என்று யார் சொன்னாலும் எனக்கு மனசு வராது.

2023 ஜனவரி 10-உடன் 8.1-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அடுத்த மாதம் வந்த குரோம் பதிப்பும் அதில் ஏறவில்லை. சரி, மாறித்தான் ஆக வேண்டும் என்று டவுனில் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 10 ஏற்றினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட அன்றே தெரிந்துவிட்டது. சுவிட்சைப் போட்டு, அடுப்பில் தண்ணீர் வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்பது நிமிடம். அதன் பிறகும் ஒரு வேர்ட் கோப்பைத் திறக்க இரண்டு நிமிடம். சாயந்தர வகுப்புக்கு வரும் சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகள் ஏழு பேரும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

கடைக்காரர், "போர்ட் பழசு மிஸ், இனிச் சரிவராது, புதுசு எடுங்க" என்றார். விலையைக் கேட்டேன். என் நாலைந்து மாதச் சம்பளம்.

ரேம் போட்டால் வேகமாகும் என்று ஆளாளுக்குச் சொன்னதை நம்பி, வேறொரு கடையில் பழைய 4 ஜிபி ரேம் ஒன்றை வாங்கி மாட்டினேன். திரை கறுப்பு. விசிறி மட்டும் சுற்றுகிறது. அந்த ஐந்து நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டதும் பழையபடி உயிர் வந்தது. கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வேலை செய்யும் சித்தப்பா மகனுக்கு அன்றிரவே போன் எடுத்தேன். "அக்கா, ஸ்டிக்கரில டிடிஆர்3க்குப் பக்கத்துல எல் எழுத்து இருக்கா பாருங்க" என்றான். இல்லை. நான் வாங்கியது 1.5 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3 வகை ரேம். இந்த ப்ரொசஸருக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டுமாம். துளை ஒரே மாதிரி, இடமும் ஒரே மாதிரி, ஆனால் ஓடாது. கடையில் திருப்பி எடுக்கவில்லை. ரேம் வாங்கப் போகிறவர்கள் பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

"ரேமை விடுங்க, டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது நூறுல நிக்குதுன்னு சொல்லுங்க" என்றான் தம்பி. ப்ரொசஸர் பதினைந்து சதவீதம். ரேம் எழுபது. டிஸ்க் 100 சதவீதம், அப்படியே நிற்கிறது. பக்கத்தில் வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு ஒரு எம்பிகூட இல்லை. நூறு சதவீதம் வேலை செய்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை!

அம்மாவுக்கு இதை எப்படி விளக்கினேன் என்றால், "மடுவத்தில் தராசு ஒன்றுதான் இருக்கும், இல்லையா? முன்பு பத்துப் பேர் கொழுந்து கொண்டுவந்தார்கள், சமாளித்தது. இப்போது நாற்பது பேர் ஒரே நேரத்தில் கூடையை இறக்குகிறார்கள்" என்றேன். விண்டோஸ் 10-இல் அப்டேட், வைரஸ் தேடல், கோப்புகளுக்கு அட்டவணை போடுவது என்று நாம் கேட்காமலே நடக்கும் வேலைகள் நிறைய. எல்லாமே டிஸ்க்கில் சின்னச் சின்னத் துண்டுகளை அங்கும் இங்கும் தேடுகின்றன. ஹார்ட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டில், முள் ஒவ்வோர் இடமாக நகர்ந்து எடுக்க வேண்டும். நொடிக்கு நூறு இடத்தைக்கூட அது எட்டாது.

முதலில் காசு செலவில்லாததைச் செய்தேன். கணினியோடு சேர்ந்து தொடங்கும் தேவையில்லாத நிரல்களை நிறுத்தினேன். அடிக்கடி திறக்கும் நிரல்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றும் சிஸ்மெயின், கோப்புகளுக்கு அட்டவணை போடும் விண்டோஸ் தேடல் இரண்டு சேவைகளையும் முடக்கினேன். பெரிய அப்டேட்கள் தானாக இறங்காதபடி இணைய இணைப்பை 'மீட்டர்ட்' என்று மாற்றினேன். அதில் டேட்டாவும் மிச்சம். பழைய விண்டோஸ் கிடந்த கோப்புறையை அழித்ததில் இருபது ஜிபிக்கு மேல் இடம் வந்தது, வேகம் வரவில்லை. எல்லாம் சேர்ந்து ஒன்பது நிமிடம் ஆறானது. பிள்ளைகளுக்கு அதுவும் அதிகம்தான்.

அப்புறம் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலைப் போடச் சொன்னான். டிஸ்க்கின் நிலை மஞ்சளில் வந்தது. பழுதான பகுதிகளை டிஸ்க் தானே வேறிடத்துக்கு மாற்றத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் வேகத்தைப் பற்றிய கவலையே போய்விட்டது. ஒன்பது வருட வினாத்தாள், அப்பாவின் படங்கள், எல்லாம் அதற்குள். முக்கியமானதிலிருந்து தொடங்கிக் கோப்புறை கோப்புறையாக வெளி டிஸ்க்கில் எடுத்தேன். மூன்று இரவு ஆனது. உங்கள் கணினி மெதுவானால் அமைப்புகளை நோண்டுவதற்கு முன் இந்த ஒன்றைப் பாருங்கள், தயவுசெய்து.

தீபாவளிக்கு வந்த தம்பி சுற்றும் தட்டும் முள்ளும் இல்லாத 240 ஜிபி எஸ்.எஸ்.டி. டிஸ்க்கும் சரியான டிடிஆர்3எல் ரேமும் கொண்டுவந்தான். பேட்டரியை முதலில் கழற்றிவிட்டு அடி மூடியைத் திறந்தோம். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு படை, கம்பளித் துண்டு மாதிரி. எங்கள் தோட்டத்து லய வீட்டில் விறகு அடுப்புக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு பலகைதான். புகையும் மழைக்கால ஈரமும் சேர்ந்து அப்படி ஒட்டியிருக்கிறது. சின்னத் தூரிகையால் சுரண்டி எடுத்து, ப்ரொசஸரில் காய்ந்துபோயிருந்த, சூட்டைக் கடத்தும் பசையையும் துடைத்துப் புதிதாகத் தடவினான்.

பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கவில்லை. பழுதையும் குப்பையையும் ஏன் கூடவே கொண்டுபோக வேண்டும்? 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 10-ஐ இறக்கிப் புதிதாக நிறுவினோம். உரிமம் மதர்போர்டோடு பதிந்திருப்பதால் இணையத்தில் இணைந்ததும் தானாகவே செயல்பட்டது, சாவி எதுவும் கேட்கவில்லை. சுவிட்ச் போட்டதிலிருந்து அரை நிமிடத்துக்குள் திரை தயார். நான் இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

ஆனால் வினாத்தாளைத் திறந்ததும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பம். ஒரு கணம் எல்லாம் அழிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தாள்கள் அவை. புது நிறுவலில் பாமினி இல்லை. பழைய டிஸ்க்கை யூஎஸ்பி வயரில் மாட்டி, விண்டோஸ் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்துப் போட்டதும் தமிழ் திரும்பி வந்தது. நம் ஆசிரியர்கள் பலரிடம் இதே நிலைதான் இருக்கும். எழுத்துருவையும் சேர்த்துக் காப்புப்பிரதி எடுங்கள்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்காது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் நீட்டிப்பில் பதிந்திருக்கிறேன். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தேன், இந்தக் கணினியில் நன்றாகவே ஓடுகிறது. அதற்குள் பாமினித் தாள்களை எல்லாம், தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். 2017-ஆம் ஆண்டுத் தாள்கள் வரை முடித்திருக்கிறேன்.