மொரிஸ் மைனரின் வயரிங் படத்தைத் திருப்பி வரைந்தபோது

கட்டடங்களுக்கு மின்னிணைப்புப் படம் வரைவதுதான் என் தொழில். யாழ்ப்பாணத்தில் பழைய கார் திருத்தும் கராஜ்காரர் ஒருவர் மொரிஸ் மைனர் கையேட்டின் வயரிங் பக்கத்தைப் போட்டோப் பிரதியாகக் கொண்டுவந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பெருசாக்கித் தர ஏலுமோ?" என்று கேட்டார். பக்கத்தை விரித்துப் பார்த்ததும், பெரிதாக்கி மட்டும் பிரயோசனமில்லை என்று விளங்கிவிட்டது. சிக்கல் அளவில் இல்லை, வரைந்த முறையில்தான்.

மைனர் 1948இல் வெளிவந்து 1971 வரை தயாரான கார். அந்தக் காலத்துப் படங்கள் கறுப்பு வெள்ளை. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் நிறத்தைக் குறிக்கும் எழுத்து இருக்கும். கறுப்புக்கு 'பி', நீலத்துக்கு 'யு', மண்ணிறத்துக்கு 'என்'. இரட்டை நிற வயர் என்றால் இரண்டு எழுத்து. பிரதிக்குப் பிரதி எடுத்த தாளில் எழுத்துகள் மங்கி ஒன்றுபோலாகிவிடுகின்றன. அதைவிடப் பெரிய தொல்லை, சாமான்கள் காரில் இருக்கிற ஒழுங்கிலேயே படத்திலும் இருப்பது. முன் விளக்கு ஒரு முனையில், பின் விளக்கு மறு முனையில், நடுவில் பக்கம் பக்கமாக ஓடும் கோடுகள். விரலை வைத்துத் தொடர்ந்தால் பாதி வழியில் பக்கத்துக் கோட்டுக்குத் தாவிவிடும்.

அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் அதை மங்கலான அடித்தளமாக வைத்து, ஒவ்வொரு வயரையும் அதன் சொந்த நிறத்தில் மேலே வரைந்தேன். இரட்டை நிற வயருக்கு முதலில் தடித்த கோடு, அதன்மேல் மெல்லிய கோடு. வெள்ளை வயர் வெள்ளைத் தாளில் தெரியாது. அதனால் சற்றுத் தடித்த கறுப்புக் கோட்டை அடியில் போட்டு, அதன்மேல் வெள்ளையை ஓடவிட்டேன். எழுத்துக் குறிகளையும் எடுக்கவில்லை. கராஜ் வெளிச்சத்தில் மண்ணிறமும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். நிறம் பிரித்தறியக் கஷ்டப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நிறம் போட்ட படம் பார்க்க அழகாக இருந்தது. வாசிக்க அவ்வளவு சுகமில்லை. அப்புறம்தான் சாமான்கள் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, மின்சாரம் போகும் ஒழுங்கில் வரையத் தொடங்கினேன். பற்றரி மேலே, எர்த் (காரின் பாடி) கீழே, வேலைக்கு ஒரு தாள். என்னைக் கேட்டால், நிறத்தைவிட இந்த ஒழுங்குதான் பெரிய உதவி.

பச்சை வயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மைனரில் பியூஸ் இரண்டேதான். ஒன்று சாவி போடாமலே வேலை செய்யும் ஹோர்ன் பக்கம். மற்றது சாவி போட்டபின் வருவது. அதில் வெள்ளை வயர் நுழைந்து பச்சையாக வெளியே வந்து வைப்பர், பெற்றோல் மீற்றர், பிரேக் லைற் என்று பிரிகிறது. பழைய படத்தில் இந்த மூன்றும் மூன்று மூலையில் கிடக்கும். புதுத் தாளில் ஒரே புள்ளியில் இருந்து தொங்குகின்றன. மூன்றும் சேர்ந்து செத்தால் முதலில் எங்கே கைவைக்க வேண்டும் என்பதைத் தாளே சொல்லும். தலை விளக்குகளுக்குப் பியூஸே கிடையாது என்பதும் அதே தாளில் பளிச்சென்று தெரிகிறது. அங்கே வயரின் பிளாஸ்ரிக் உரசிப் போயிருந்தால் எவ்வளவு ஆபத்து என்று அதற்குப் பிறகு எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

பற்றரி சார்ஜ் ஆகிறதா என்று காட்டும் சார்ஜ் விளக்கும் அப்படித்தான். அதன் ஒரு கால் சாவியில் இருந்து வரும் வெள்ளையில், மற்றக் கால் எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் டைனமோவின் 'டி' முனைக்குப் போகும் மண்ணிற மஞ்சளில். டைனமோ நிற்கும்போது விளக்கு எரியும். அது சுற்றி, இரண்டு பக்க வோல்டேஜும் சமமானால் அணையும். இரண்டு காலையும் ஒரே கோட்டில் வரைந்தபோது, கராஜில் வேலை பழகும் பெடியன் பார்த்துவிட்டு, "அண்ணை, இதுக்காகத்தானே இது அணையுது!" என்றான். எனக்கு மிகவும் சந்தோசமாக இருந்தது.

ஒவ்வொரு தாளின் தலையிலும் சிவப்பில் பெரிதாக எழுதியிருக்கிறேன்: 'பாடி பொசிற்றிவ்'. மைனர் பொசிற்றிவ் எர்த் கார், அதாவது பற்றரியின் பொசிற்றிவ்தான் பாடியில் இணைந்திருக்கும். பழக்கத்தில் நெகற்றிவைப் பாடியில் கொடுத்து புது ரேடியோவைப் பூட்டினால் அது அப்போதே போய்விடும்.

ஆனால் கையேட்டில் உள்ள காரும் எங்கள் ஊரில் நிற்கும் காரும் ஒன்றல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் தட்டுப்பாடு. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் இவை. வயர் அறுந்தால் கையில் கிடைத்ததைப் போட்டார்கள், வீட்டு வயர் உட்பட. அதனால் பச்சை இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு ஓடும். அதைப் பிழை வேலை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அப்படி ஒட்டுப்போட்டவர்களால்தான் இந்தக் கார்கள் இன்றைக்கும் ரோட்டில் நிற்கின்றன. சொந்த வயர்களும் நிறம் மங்கி, ஊதா மண்ணிறமாகத் தெரிகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால், வெயிலும் ஒயிலும் படாத இடத்தில் வயர்களைச் சுற்றியிருக்கும் ரேப்பைக் கொஞ்சம் உரித்தால் பழைய நிறம் அப்படியே இருக்கும். அங்கும் சந்தேகம் என்றால் மின்சாரம் அளக்கும் மீற்றர் வைத்துப் பார்க்கத்தான் வேணும்.

ஆகவே ஒவ்வொரு காருக்கும் தனிக் கோப்பு வைக்கிறேன். கையேட்டின்படி உள்ள வயர்கள் ஒரு அடுக்கில், காரில் உண்மையில் இருப்பது இன்னொரு அடுக்கில். இரண்டாவதில் மாற்று வயர்களை இடையிடையே வெட்டுப்பட்ட கோடாகப் போட்டு, காரின் இலக்கத்தையும் திகதியையும் மூலையில் எழுதி, லமினேற் செய்து கொடுக்கிறேன். கராஜ்காரர் புது ரிலே ஏதும் பூட்டினால் அந்தத் தாளிலேயே மார்க்கரால் கீறி, போனில் படம் எடுத்து அனுப்புவார். அன்றிரவே கோப்பைத் திருத்திவிடுவேன். இப்போது ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றின் கையேடும் வந்திருக்கிறது. அதில் ஒரு மூலை கறையான் தின்றுவிட்டது. அந்தப் பகுதியைக் காரைத் திறந்து பார்த்துத்தான் வரையவேண்டும்.