எரிமலைக் கல்லில் குரங்குப் பானை: 16 மாதக் கணக்கு

இன்று காலை எண்ணிப் பார்த்தேன். கல்லின் மேல் வளரும் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியில் 14 குடுவைகள். ஒன்பது திறந்து நிற்கின்றன, மூன்று இன்னும் மூடி பிரியாதவை, இரண்டு விளிம்பு காய்ந்து பழுப்பேறிய பழையவை. செடியை இந்தக் கல்லில் ஏற்றி 16 மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் வேறொரு கல்லில் ஏற்றி ஏறக்குறையக் கொன்றே விட்டேன் என்பதால், இந்த எண்ணை நோட்டில் எழுதும்போது மனது நிறைந்தது.

செடியின் பெயர் நெப்பந்திஸ் அம்புலாரியா. மலேசியாவில் எங்கள் ஈப்போ நகரத்தில் எல்லாக் குடுவைச் செடிகளையும் மலாயில் பெரியோக் கேரா என்றுதான் சொல்வார்கள், குரங்கின் பானை என்று அர்த்தம். இந்த இனத்தின் குடுவைகளைக் கழுவி, உள்ளே பசை அரிசியும் தேங்காய்ப்பாலும் விட்டு அவித்து விற்பதும் உண்டு. குட்டையாக, உருண்டையாக, தரையோடு கொத்துக் கொத்தாகக் காய்க்கும் குடுவைகள். தாழ்நிலக் காட்டுச் செடி, பகலில் 33 டிகிரி, இரவில் 24 டிகிரி என்று போகும் எங்கள் ஊர் வெக்கைக்கு ஏற்றது. கேமரன் மலைப் பக்கம் விற்கும் குளிர் இனங்களைக் கொண்டுவந்து இங்கே ஏங்க விடுவதில் எனக்கு விருப்பமில்லை.

கல் ஆசை பக்கத்து வீட்டில் தொட்டுக்கொண்டது. அங்கே இருக்கும் சீனப் பெரியவர், நான் அங்கிள் என்று கூப்பிடுபவர், முப்பது வருடமாக போன்சாய், அதாவது தட்டில் குட்டையாக அடக்கிய மரங்கள், வளர்க்கிறார். அவருடைய ஆலமர வகை ஒன்று பாறையின் மேல் உட்கார்ந்து, வேர்களைப் பாறையின் இரு பக்கமும் வழிய விட்டு, கீழே மண்ணில் இறங்கியிருக்கும். வேர் தடித்துத் தடித்து இப்போது கல்லை விரல்களால் பிடித்திருப்பது போலத் தெரியும். அதே மாதிரி ஒரு குடுவைச் செடி வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பு சரி, வழிதான் தப்பு.

2024 ஜனவரியில் தொடங்கினேன். போர்னியோவில் சில நெப்பந்திஸ் இனங்கள் சுண்ணாம்புப் பாறைச் சுவரிலேயே வளர்கின்றன. சரவாக்கின் பாவ் பகுதியில் நார்தியானா இருக்கிறது. கம்பானுலாட்டா என்ற சின்ன இனத்தை 1957-இல் கண்டெடுத்தார்கள், 1983 காட்டுத்தீயோடு அழிந்துபோனதாக நினைத்தார்கள், 1997-இல் முலு மலையில் மறுபடியும் பார்த்தார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, ஈப்போவைச் சுற்றித்தான் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கின்றனவே, கல்லுக்கா பஞ்சம் என்று தோன்றியது. தோட்டக் கடையில் அழகான மடிப்புகளோடு ஒரு சுண்ணாம்புக் கல் வாங்கினேன். அம்புலாரியாவை அதில் ஏற்றினேன்.

இரண்டு மாதத்தில் புது இலைகள் ஒன்றைவிட ஒன்று சிறுத்தன. நரம்புக்கு நடுவே மஞ்சள் பாய்ந்தது. இலை நுனியில் நூல் நீண்டு, அதன் முனையில் குடுவைக்கான சிறு மொட்டு வந்து, கருகி நின்றுவிடும். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். அங்கிள் வேலி ஓரமாக வந்து பார்த்துவிட்டு, செடியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கல்லில் வினிகர் விட்டுப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். சமையலறையிலிருந்து எடுத்து வந்து நாலு சொட்டு விட்டேன். கல்லின் மேல் நுரை பொங்கியது, புளிப்பில் சுண்ணாம்பு கரைகிற அடையாளம். அப்புறம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை, கல் நிற்கும் தட்டுத் தண்ணீரில் வைத்தேன். ஊற்றும்போது 9 காட்டிய மழைத்தண்ணீர், ஒரு வாரம் கல்லைத் தொட்டு நின்றதில் 118 ஆகியிருந்தது. சத்தில்லாத, புளிப்பு மண்ணிலேயே வளர்ந்து பழகிய செடிக்கு நான் தினமும் சுண்ணாம்புத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாறைச் சுவரில் வாழ்கிற இனம் வேறு, காட்டுச் சருகுக்குள் வாழ்கிற இனம் வேறு. பெயரில் நெப்பந்திஸ் என்று இருந்தால் போதும் என்று நினைத்தது என் அவசரம்.

ஏப்ரல் முழுக்கச் செடியைத் தொட்டியில் வைத்துத் தேற்றினேன். மே மாதம் மீன்தொட்டிக் கடையில் 38 வெள்ளிக்கு ஓர் எரிமலைக் கல் கிடைத்தது. 30 சென்டிமீட்டர் உயரம், ஒரு பக்கம் தோள் போலச் சரிந்தது, உடம்பெல்லாம் துளை. வினிகர் விட்டேன், சத்தமே இல்லை. ஒரு வாரம் மழைத்தண்ணீரில் ஊறப்போட்டு, தினம் தண்ணீர் மாற்றினேன். இந்தக் கல் உளிக்கு இளகும். தோள் பகுதியில் ஒரு கை கொள்ளும் அளவுக்குக் குழி வெட்டி, அதிலிருந்து அடிவரை பின்பக்கமாக ஒரு விரல் அகலத்துக்கு வாய்க்கால் இறக்கினேன். அந்த வாய்க்கால்தான் இந்த முறைக்கே உயிர்.

ஏன் என்றால், நெப்பந்திஸின் வேர் ஆலமர வேர் இல்லை. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் கறுத்த தலைமுடி மாதிரி இருக்கும். மெல்லியது, பட்டென்று ஒடியும், வயதானாலும் தடிக்காது. அது கல்லைப் பிடிக்கும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். செடியைப் பிடிப்பது பாசி, கல் பாசியைப் பிடிக்கிறது. அதனால் வேரை உதறவே இல்லை. பழைய கலவையோடு அப்படியே எடுத்து, தண்ணீரை உறிஞ்சி வைக்கும் ஸ்பாக்னம் பாசியை ஈரமாக்கி, அதில் சுற்றி, குழிக்குள் உட்கார வைத்தேன். சுற்றிலும் ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டைத் துண்டும், பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் குறுணையும் கொஞ்சம், காற்று போகட்டும் என்று. வாய்க்கால் நெடுகப் பாசியைத் திணித்து, தட்டுத் தண்ணீர் வரைக்கும் இறக்கினேன். எல்லாவற்றையும் மீன்பிடிக்கும் தங்கூசி நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். போன்சாய்க்காரர்கள் செம்புக் கம்பி பயன்படுத்துவார்கள். செம்பு கசிந்து வரும் என்ற பயத்தில் நான் அதை இந்தச் செடி பக்கமே கொண்டுபோகவில்லை.

கல்லை ஆழமில்லாத பீங்கான் தட்டில் நிறுத்தி, ஒன்றரை சென்டிமீட்டர் தண்ணீர் விட்டேன். தண்ணீர் பாசி வழியாக மேலே ஏறும், செடியின் கழுத்து தண்ணீருக்கு 15 சென்டிமீட்டர் மேலே காற்றில் இருக்கும். காலை வெயில் இரண்டு மணி நேரம், அப்புறம் ஐம்பது சத நிழல்வலை.

ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை எழுத ஒன்றுமில்லை. ஒரே ஓர் இலை வந்தது. செப்டம்பரில் பாசி தானாகவே பச்சை பிடித்தது. மழை பிடித்த அக்டோபர், நவம்பரில்தான் செடிக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

டிசம்பர் முதல் வாரம் ஓர் இலை நுனி நூலில் அரிசி அளவுக்கு மொட்டு. கருகும் என்றே நினைத்தேன். கருகவில்லை. கீழே தொங்கிய மொட்டு கொக்கி மாதிரி வளைந்து மேல்நோக்கித் திரும்பியது, தட்டையாக இருந்தது பக்கவாட்டில் உப்பியது, மேலெல்லாம் பழுப்புப் பூனைமுடி. பத்து நாளில் கட்டை விரல் பருமன். ஒரு காலை வேலைக்குப் போகும் அவசரத்தில் எட்டிப் பார்த்தபோது மூடி ஒரு நகக்கண் அளவு விலகியிருந்தது. டார்ச் அடித்தேன். உள்ளே கால் பங்கு வரை தெளிந்த திரவம், ஒரு தூசு கிடையாது. மழைத்தண்ணீர் இல்லை அது, மூடியிருக்கும்போதே செடி தானே சுரந்து வைத்தது. வாய் விளிம்பு அன்றைக்கு வெளிறிய பச்சையில் ஈரக் காகிதம் மாதிரி இருந்தது. அடுத்த நாலைந்து நாளில் அது உள்பக்கமாகச் சரிந்து இறுகியது, உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. மூடி குறுகலான நாக்கு போல முழுசாகப் பின்னால் மடிந்துகொண்டது. மற்ற பல இனங்களில் மூடி குடை மாதிரி மழையைத் தடுக்கும். இது வாயைத் திறந்தே வைத்திருக்கிறது, மேலிருந்து விழும் சருகுக்காக.

இந்தச் சருகு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அம்புலாரியா பூச்சியை மட்டும் நம்பி இல்லை. போர்னியோவில் செய்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், இலையில் உள்ள நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உதிர்ந்த சருகிலிருந்து வந்ததாகக் கண்டிருக்கிறார்கள். அதனால் கல்லை ரம்புத்தான் மரத்தின் ஓரத்துக்கு நகர்த்தினேன். விழுவது விழட்டும். அங்கிள் வரும்போதெல்லாம் கை பரபரக்கும், கல்லில் கிடக்கும் இலையைப் பொறுக்கப் போவார். வேண்டாம் அங்கிள், அது சாப்பாடு என்று சொல்லித் தடுப்பேன்.

2025 பிப்ரவரி வறட்சியில் பாசி மேலே வெளுத்து, இரண்டு மொட்டு காய்ந்தது. காலையும் மாலையும் தெளித்துச் சமாளித்தேன். ஏப்ரலில் வேறு சிக்கல்: தண்டு நீண்டு கொடியாக ஓடத் தொடங்கியது. கொடி ஏறினால் இந்த இனம் மேலே குடுவை வைப்பது அபூர்வம், கல்லின் அளவும் கெட்டுப்போகும். கம்பி சுற்றி வளைக்கலாமா என்று அழுத்திப் பார்த்ததில் தண்டு கீறல் விட்டது, விட்டுவிட்டேன். நாலு இலைக்கு மேலே சுத்தமான கத்தியால் நறுக்கினேன். ஏழு வாரத்தில் அடியிலிருந்து இரண்டு புதுக் கொத்துகள் முளைத்தன, ஒன்று குழியின் விளிம்பில், இன்னொன்று வாய்க்கால் பாசியிலிருந்து சற்றுத் தாழ்வாக. மூன்று உயரத்தில் மூன்று கொத்து. நான் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு அழகாக வைத்திருக்க மாட்டேன். குடுவைகள் எல்லாம் இந்தக் கொத்துகளில்தான்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டெங்கி இருக்கும் ஊரில் தட்டில் நிற்கும் தண்ணீர் விளையாட்டில்லை. ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நான் புதனும் ஞாயிறும் தட்டைக் கவிழ்த்து, தேய்த்து, புது மழைத்தண்ணீர் விடுகிறேன். அப்புறம், செடியைக் காட்டிலிருந்து பிடுங்காதீர்கள். நெப்பந்திஸ் இனங்கள் எல்லாமே, காட்டு உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. நாற்றுப்பண்ணையில் பதியம் போட்டு வளர்த்த செடி கல்லில் சீக்கிரம் பிடித்தும் கொள்கிறது.

நறுக்கிய கொடியை மூன்று துண்டாக்கிப் பாசியில் வைத்திருந்தேன். இரண்டு வேர் விட்டிருக்கின்றன. ஒன்று அங்கிளுக்கு. இன்னொன்றுக்காகப் பின்கட்டில் வாளிக்குள் ஓர் எரிமலைக் கல் நேற்றிலிருந்து ஊறுகிறது.