ஏழாம் படுக்கைத் தாத்தாவுக்காக

தம்பி பிழைத்து எழுந்தால் அந்த அக்காவையும் அழைத்துக்கொண்டு உமது கல்லறை இருக்கும் கோட்டாற்றுக்கு வருகிறேன் என்று புனித தேவசகாயத்திடம் அம்மா நேர்ந்திருந்தார். மெழுகுவர்த்தி, மொட்டை, உப்பு மிளகு எல்லாம் எங்கள் வீட்டில் வழிவழியாகச் செய்து வரும் நேர்ச்சைகள். ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதாகப் பொருத்தனை வைத்தது இதுதான் முதல் முறை.

அக்கா, தம்பி படுத்திருந்த வார்டில் துப்புரவுப் பணியாளர். அறுவை சிகிச்சை முடிந்த அன்று தம்பி தண்ணீர் தண்ணீர் என்று அரற்றினான். குடிக்கக் கொடுக்கக் கூடாது; எங்களுக்கோ உள்ளே அனுமதி இல்லை. செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, தன் சாப்பாட்டு நேரத்தில் அவன் அருகே உட்கார்ந்து ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தவர் இவர். நள்ளிரவில் அவன் முகம் வெளிறியதை முதலில் பார்த்து, வாளியை அப்படியே போட்டுவிட்டு மருத்துவரை அழைக்க ஓடியவரும் இவரே. ஆண்டவரே, அந்த ஓட்டத்துக்கு நாங்கள் எதைக் கொண்டு நன்றி செலுத்துவோம்!

ஜனவரி 14 புனிதரின் திருநாள். அன்று போகத்தான் ஆசை. ஆனால் பொங்கலுக்கு ஊர் முழுக்க விடுமுறை எடுக்கும்போது வார்டைக் கழுவ ஆள் வேண்டுமே. அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அக்கா சுடலைமாடனைக் கும்பிடுகிறவர். வேனில் ஏறும்போது அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: “அம்மா, என்னைக் கோயிலுக்குள் விடுவார்களா?”

குமரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அம்மா; பிள்ளையை ‘மக்களே’ என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். “மக்களே, உன்னையும் என்னையும் ஒன்றாக உட்கார வைத்ததற்காகத்தான் அவரைக் கொன்றார்கள்” என்றார்.

அம்மா சொன்னது கதையல்ல. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் மார்த்தாண்ட வர்மா மன்னரின் அரசுப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய், துன்பத்தில் இருந்த அவருக்கு, துன்பத்திலும் கடவுளை விடாத விவிலியத்து யோபுவின் வரலாற்றைச் சொன்னார். 1745 மே 14 அன்று நீலகண்டன் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பெற்றபின் பதவியை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் அவருக்குப் பெரிய தொல்லை வந்திருக்காது. சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார். மனிதர் எல்லாரும் சமம் என்று வாய்விட்டுச் சொன்னார். 1749இல் கைது செய்தார்கள். எருமை மீது பின்புறமாகத் திருப்பி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

முதலில் வடக்கன்குளம் போனோம். புனிதர் திருமுழுக்குப் பெற்ற மண் என்று அம்மா செருப்பைக் கழற்றிவிட்டே இறங்கினார். எனக்கு அங்கே நின்றபோது வேறொன்று நெஞ்சை உறுத்தியது. அவர் மறைந்து நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, அதே ஊரில் 1872இல் எழுப்பிய ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். ஒரே பீடம், ஒரே திருப்பலி, இரண்டு கூட்டம்! 1910இல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். இதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பதே என் எண்ணம். புனிதரின் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பின்னொட்டை நீக்கிவிட்டுத்தான் 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் கேட்டபோது அம்மா கைதட்டினார்.

அங்கிருந்து நேராகப் புலியூர்க்குறிச்சி. தாகத்தால் தவித்த புனிதர் முழங்கையால் இடிக்கத் தண்ணீர் சுரந்த முட்டிடிச்சான் பாறை. அதிகக் கூட்டம் இல்லை, நிம்மதியாகக் குடித்தோம். அக்கா ஒரு வாய் குடித்ததும் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். “தம்பிக்கு அன்றைக்குக் கொடுக்க முடியவில்லை அல்லவா, இதைக் கொடுங்கள்” என்று நிரப்பி என் கையில் தந்தார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

வழியில் ஓரிடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வேன் நின்றதுமே நாலைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மாலை வாங்கு, எண்ணெய் வாங்கு, புனிதரைக் கட்டி வைத்த மரத்தின் வேப்பிலை இருக்கிறது, நோய் போகும் என்று ஒரே நச்சரிப்பு. ஒரு சிறு பொட்டலம் நூறு ரூபாய். அக்கா அன்றாடச் செலவுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துவிட்டார். நான் பிடித்து நிறுத்தினேன். வேதனைப்படுகிறவர்களின் நம்பிக்கையை இப்படி விலைக்கு வைப்பது பெரும் பாவம். நேர்ச்சைக்கு வருகிறவர்கள் மெழுகுவர்த்தியை வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிடுங்கள்.

கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் நல்ல கூட்டம். காலைத் திருப்பலி முடிந்து வெளியே வருகிறவர்களும் அடுத்ததற்கு உள்ளே போகிறவர்களுமாக வாசலில் நெரிசல். காற்றாடிமலையில் வீசிவிட்டுப் போன உடலின் எச்சங்களை விசுவாசிகள் தேடி எடுத்து வந்து புதைத்த இடம் இது. கல்லறையைத் தொட்டுவிட வேண்டும் என்று எல்லாரும் முண்டுகிறார்கள். ஒருவர் வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்குக் கைப்பேசியில் நேரடியாகக் காட்டிக்கொண்டே வழியை அடைத்து நின்றார். ஒரு சொல்லுக்கும் நகரவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போய் அக்காவை முன்னால் விட்டோம்.

அம்மா முழந்தாளிட்டதைப் பார்த்து அக்காவும் முழந்தாளிட்டார். தனக்காக ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். அவருக்குக் கேட்க நிறைய உண்டு. ஒப்பந்தக் கூலி, ஓட்டு வீடு, படிப்பை நிறுத்திய மகள். அவரோ கல்லறையில் கையை வைத்து, எதிரே இருப்பவரிடம் பேசுவதுபோல் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்.

“சாமி, ஏழாம் படுக்கைத் தாத்தாவைப் பார்க்க மகன் வரவே இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.”

அம்மா அரைக்கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்வதுபோல், “புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றார்.

“பெண்கள் வார்டில் பதினொன்றாம் படுக்கை ஆச்சிக்குக் கண் தெரியாது. சாப்பாட்டுத் தட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

“பிணவறையில் வேலை பார்க்கிற அண்ணனின் மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை. அப்பா வேலையைக் கேட்டதும் வந்தவர்கள் போய்விடுகிறார்கள்.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.” இப்போது இரண்டு குரல்கள். எங்கள் பின்னால் நின்ற, முன்பின் தெரியாத ஓர் அம்மாவும் சேர்ந்துகொண்டார்.

“கடைசிப் படுக்கைப் பையனை ரயில் நிலையத்திலிருந்து எடுத்து வந்தார்கள். அவனுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் டேய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவனுக்கு அவன் பெயர் நினைவுக்கு வரட்டும் சாமி.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. நகருங்கள், நகருங்கள் என்று தோளில் கை விழுந்துகொண்டே இருந்தது. அக்கா எழவில்லை. படுக்கை படுக்கையாக அந்த வார்டு முழுவதையும் புனிதரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தைப் பற்றிய மறையுரைகளைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவள் நான். பசியாய் இருந்தேன், தாகமாய் இருந்தேன், நோயுற்றிருந்தேன் என்று ஆண்டவர் சொன்ன அத்தனை பேரும் அன்று படுக்கை எண்ணோடு அந்தக் கல்லறைக்கு வந்திருந்தார்கள். இயேசுவே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு மகளைக் காட்டித் தந்தீரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம்!

ஆரல்வாய்மொழிக்குத் திரும்பி வந்து காற்றாடிமலை ஏறினோம். காற்றில் சேலை நிற்கவில்லை. மணியோசை எழுப்பும் பாறையைப் பிள்ளைகள் கல்லால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். வியாகுல மாதா ஆலயத்தில் செபமாலை சொல்லிவிட்டு, முன்பே அனுமதி கேட்டிருந்தபடி அடிவாரத்தில் அசனம், அதாவது எல்லாருக்குமான பொது விருந்து, வைத்தோம். விடியற்காலையில் வீட்டில் ஆக்கிய சோறும் சாம்பாரும் அவியலும்தான். மெழுகுவர்த்தி விற்கிற பாட்டிகள், பிச்சைக்கு உட்கார்ந்திருந்தவர்கள், வளாகத்தைப் பெருக்குகிற பெண்கள், எங்கள் வேன் ஓட்டுநர் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். அக்கா பரிமாறுவதற்கு எழுந்து எழுந்து வந்தார். கடைசியில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். அம்மா கையைப் பிடித்து முதல் இலையில் உட்கார வைத்து, தம்பியின் கையால் முதல் கரண்டிச் சோற்றைப் போட வைத்தார். அவனுக்கு இன்னும் கை நடுக்கம் போகவில்லை. பாதி சோறு இலைக்கு வெளியே விழுந்தது. அக்கா அதை இலைக்குள் சேர்த்துக்கொண்டு, “போதும் தம்பி, நீ உட்கார்ந்து சாப்பிடு” என்றார். பக்கத்து இலையில் அவன் அமர்ந்தான். பொருத்தனை அதோடு நிறைவேறியது.

வரும் வழியிலேயே அம்மா அடுத்ததைத் தொடங்கிவிட்டார். மாதம் ஒரு நாள் வார்டுக்குச் சோறு கொண்டு வரட்டுமா என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். “சோறு அங்கேயே கொடுக்கிறார்கள் அம்மா. தலை வாரிவிடவும் நகம் வெட்டிவிடவும்தான் ஆள் இல்லை.”

எங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவிவரும் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் பேசியாகிவிட்டது. சீப்பு, நகவெட்டி, தேங்காய் எண்ணெய், நாலு கைலி வாங்கி வைத்திருக்கிறோம். ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பார்வை நேரத்தில் போகிறோம். எந்தப் படுக்கையில் தொடங்க வேண்டும் என்பதை அக்கா சொல்வார்.