தேதி ஃபில்டரும் நானும்: மே 20 முதல்

மே 20, புதன்

நாங்கள் கட்டும் தளத்தின் நிகழ்ச்சிப் பட்டியலில், முடிந்தவற்றைத் தேதி பார்த்து நீக்க ஒரு ஃபில்டர் இருந்தும், நேற்று முடிந்தது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. என் திரையில் இல்லை. தளத்துக்கார மேடத்துக்குத் தெரிகிறதாம்.

அக்கா போனை எடுக்கவில்லை.

மே 21, வியாழன்

இன்று முழுக்கப் பழைய நிகழ்ச்சிகளின் தேதிகளோடுதான் பொழுது போனது. அந்தக் காலத்தில் யாரோ தேதிக்கென்று தனி ஃபீல்டு வைக்காமல் வெறும் டெக்ஸ்ட் பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். உள்ளிட்டவர்கள் நாள், மாதம், ஆண்டு என்று நாம் எழுதும் வரிசையிலேயே, நடுவில் சாய்கோடு போட்டு நிரப்பியிருக்கிறார்கள். டேட்டாபேஸைப் பொறுத்தவரை அது தேதியே அல்ல, எழுத்து. எழுத்தாக வரிசைப்படுத்தினால் 05/12/2019 என்பது 06/01/2015-க்கு முன்னால் போய் நிற்கும். சரி, அதாவது கண்ணில் படும்.

மாற்றித் தருவதற்கென்று வந்த ஸ்கிரிப்ட்தான் வயிற்றைக் கலக்குகிறது. எல்லாவற்றையும் அப்படியே பிஎச்பி நிரல்மொழியில் எழுத்தை நேரமாக மாற்றும் ஸ்ட்ரிங்-டு-டைம் ஃபங்ஷனிடம் தள்ளிவிட்டிருக்கிறது. சாய்கோட்டைப் பார்த்தால் அது அமெரிக்க முறை என்று எடுத்துக்கொள்ளும், அதாவது மாதம் முதலில். அதே எண்களுக்கு நடுவில் சிறு கோடு இருந்தால் நாள் முதலில் என்று சரியாகப் படிக்கும். 13/02/2024 கொடுத்தால் பதின்மூன்றாவது மாதம் ஏது என்று கைவிரிக்கும். கைவிரித்ததை ஸ்கிரிப்ட் கவனிக்காமல் பூஜ்யமாகச் சேமித்துவிட்டது. பூஜ்யம் என்றால், கணினியின் நேரக் கணக்கு தொடங்கும் 1970 ஜனவரி 1. நம் டைம்சோனில் காலை 5:30 என்று வேறு காட்டுகிறது.

1970-இல் குவிந்து கிடப்பவை நல்ல பிள்ளைகள். ஒரு ஃபில்டர் போட்டால் மொத்தமும் கைக்கு வந்துவிடும். பயமெல்லாம் மற்றவற்றின் மேல்தான். 05/06/2023 என்பது ஜூன் 5. அதை மே 6 என்று படித்துச் சத்தமில்லாமல் சேமித்துவிட்டது. நாளும் மாதமும் 12-க்குள் அடங்கும் தேதிகள் ஆண்டுக்கு 144. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும் 12-ஐக் கழித்தால் 132 தேதிகள் இடம் மாறியிருக்கும். எதற்கும் பிழைச் செய்தி கிடையாது.

மூல ஃபைலிலிருந்து மறுபடி இறக்க வேண்டும். இந்த முறை வடிவத்தை நாமே சொல்லிக் கொடுத்து.

மே 22, வெள்ளி

இறக்கியாயிற்று. 1970 காலி.

மேடம் மறுபடி ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார்கள். புதன்கிழமை நிகழ்ச்சி முதல் வரியில் ஜம்மென்று இருக்கிறது. நான் பார்த்தால் இல்லை. ஃபில்டரில் ‘இப்போதைக்குப் பின்’ என்றுதான் போட்டிருக்கிறேன், நூறு முறை பார்த்தாயிற்று.

மாமா பேசினார். அக்காவுக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லையாம். டாக்டர் கொடுத்த தேதி தாண்டவில்லையே, ஏன் எல்லோரும் பதறுகிறீர்கள் என்றார். குரலில் அவருக்கும் பதற்றம்தான்.

மே 24, ஞாயிறு

தூக்கம் வரவில்லை என்று மடிக்கணினியைத் திறந்தேன். லாக்-அவுட் செய்துவிட்டுத் தளத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாலை எப்படி இருந்ததோ அப்படியே உறைந்து நிற்கிறது. சனி நிகழ்ச்சி முடிந்து ஒரு பகல் போய்விட்டது, பட்டியலுக்கு அது தெரியாது. லாகின் செய்தால் எல்லாம் சரி.

ஆக, ஃபில்டர் சரி. ஃபில்டரை யாரும் ஓட்டவே இல்லை.

மே 25, திங்கள்

காலை பத்து மணிக்கு மேடத்திடமிருந்து ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று மெசேஜ். நான் ஒன்றுமே செய்யவில்லை! லாக்கைத் தோண்டினால், யாரோ ஒரு பழைய கட்டுரையில் ஒரு காற்புள்ளியைத் திருத்திச் சேமித்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

தளம் ஓடுவது ட்ரூபல் என்ற மென்பொருளில். ஒருமுறை கட்டிய பக்கத்தை அப்படியே எடுத்துவைத்து அடுத்தவருக்கும் கொடுப்பதுதான் கேஷ். ட்ரூபலில் பக்கங்கள் கேஷில் இருக்கும்போது அவற்றின் மேல் டேக் ஒட்டியிருக்கும். பட்டியல் பக்கத்தில் ஒட்டியிருப்பது ‘நோட்-லிஸ்ட்’ டேக். எந்த உள்ளடக்கத்தைச் சேமித்தாலும் அந்த டேக் உள்ள பக்கங்களெல்லாம் காலாவதியாகி, அடுத்து வருபவருக்குப் புதிதாகக் கட்டப்படும். அருமையான ஏற்பாடு. ஆனால் நேரம் கடந்து போவதை அது ஒரு மாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. நள்ளிரவு தாண்டினால் யாரும் எதையும் சேமிப்பதில்லையே.

பட்டியலைக் கட்டித் தரும் வியூஸில் கேஷை ‘வேண்டாம்’ என்று எப்போதோ வைத்தாயிற்று. லாகின் செய்தவர்களுக்கு அது எடுபடுகிறது. வெளியாட்களுக்கு உள்ள பக்க கேஷ் அந்த அமைப்பைச் சட்டை செய்வதே இல்லை. இது ஆவணத்திலேயே எழுதியிருக்கிற சங்கதி. வாரநாட்களில் யாராவது எதையாவது சேமித்துக்கொண்டே இருப்பதால் பெரும்பாலும் குட்டு வெளிப்படாது. சனி, ஞாயிறு வந்தால் அம்பலம்.

மே 26, செவ்வாய்

ஒரு கிரான், குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை. நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிடத்தில் ஓடி அந்த ஒரு டேக்கை மட்டும் காலாவதியாக்கும். மொத்த கேஷையும் துடைத்துவிடலாமே என்கிறான் தம்பி. பக்கத்து சீட்டுக்காரன்தான், தம்பி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. வேண்டாம் என்றேன். தளம் முழுவதையும் மறுபடி கட்டவைக்க ஒரு பட்டியல் போதாது.

மே 27, புதன்

கிரான் காலை 5:35-க்கு ஓடியிருக்கிறது. சர்வர் கடிகாரம் யூடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்.

மே 28, வியாழன்

மறுபடி அந்த ஐந்தரை மணி நேரம்.

தம்பி ஜூன் நிகழ்ச்சிகளை எண்ணித் தருகிறேன் என்று நேராக டேட்டாபேஸுக்குள் போனான். தேதி ஃபீல்டு அங்கே எழுத்தாகத்தான் இருக்கும், ஆண்டு-மாதம்-நாள், பிறகு டி என்ற எழுத்து, பிறகு நேரம். இந்த வரிசையில் எழுதினால் எழுத்து வரிசையே கால வரிசையும் ஆகிவிடும், அதில் எனக்குத் தனி மரியாதை உண்டு. 2026-06 என்று தொடங்குபவற்றை எடுத்தான். ஒன்று குறைந்தது. ஜூன் 1 விடிகாலை 5 மணிக்கு ஒரு யோகா வகுப்பு. யூடிசிக்கு மாற்றினால் அது மே 31 இரவு 23:30. அப்படித்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது.

வகுப்பைக் காணோம் என்று அவன் தேடிய தேடலைப் பார்க்க வேண்டுமே. பிறகு ‘அண்ணா, அப்போ கிரியேட்டட் தேதி மட்டும் ஏன் பத்து இலக்க எண்ணா இருக்கு?’ என்றான். நல்ல கேள்வி. அது யூனிக்ஸ் நேரம், 1970-லிருந்து ஓடும் வினாடிக் கணக்கு. ஒரே தளத்தில் இரண்டு தேதிகள், இரண்டு விதமாக. ஒன்றுக்கு எழுதிய கண்டிஷனை இன்னொன்றுக்கு ஒட்டினால் தப்பான பட்டியல்தான் வரும். வியூஸ் வழியாகப் போனால் இந்த வேறுபாடு கண்ணுக்கே வராது, அதனால்தான் அந்த வழியில் போ என்கிறேன்.

அப்புறம் அவன் ‘ஜூன் 1 முதல் ஜூன் 30 வரை’ என்று போட்டிருந்தான். 30 என்று மட்டும் எழுதினால் அது 30-ஆம் தேதியின் முதல் நொடி. அந்த நாள் முழுவதும் வெளியே. ஜூலை 1-க்கு முன் என்று எழுதச் சொன்னேன்.

மே 29, வெள்ளி

அக்கா தானே பேசினாள், ஒரு மணி நேரம். இடுப்பு வலிக்கிறதாம், டாக்டர் சொன்ன தேதியெல்லாம் சும்மா என்கிறாள். திங்கள் தளம் திறக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வந்து தொலையும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

மே 31, ஞாயிறு

பட்டியலுக்கு மேலே மாதம் மாதமாக ஒரு மெனு வைத்திருக்கிறார்கள், இந்த மாதம் முதல் மூன்று மாதங்கள். நேற்று வரை மே, ஜூன், ஜூலை. இன்று காலை: மே, ஜூலை, ஜூலை.

ஜூனைக் காணோம்!

நிரலைத் திறந்தால் ‘இன்றிலிருந்து கூட்டல் ஒரு மாதம்’. பிஎச்பி மாத எண்ணை மட்டும் ஒன்று கூட்டும். மே 31, ஜூன் 31 ஆகும். ஜூன் 31 என்று ஒரு நாள் இல்லாததால் வழிந்து ஜூலை 1-இல் விழும். இரண்டு கூட்டினால் ஜூலை 31, அது நிஜமான நாள். பெரும்பாலான நாட்களில் ஒழுங்காக வேலை செய்யும் நிரல் இது, சில மாதக் கடைசிகளில் மட்டும் இப்படி. நாளை பார்த்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும், யாருக்கும் தெரியாமல் ஜூலை 31 வரை ஓடியிருக்கும். அன்று செப்டம்பரைக் காணோம் என்று மேடம் எழுதியிருப்பார்கள்.

‘அடுத்த மாதத்தின் முதல் நாள்’ என்று அதற்கென்றே ஒரு தொடர் பிஎச்பியில் இருக்கிறது. அதைப் போட்டேன். ஜூன் வந்துவிட்டது.

கிரானையும் யூடிசி 18:35-க்கு நகர்த்தியாயிற்று. இரவு விழித்திருந்து பார்க்கப் போகிறேன்.

ஜூன் 1, திங்கள்

12:05-க்கு ஓடியது. லாக்-அவுட் செய்து பார்த்தேன். நேற்றையவை இல்லை. யோகா வகுப்பு முதல் வரியில்.

காலையில் திறந்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு மேடம்: இரண்டு நாள் பயிற்சி இன்று காலை தொடங்கியது, இப்போது பட்டியலில் இல்லையே? தொடங்கிய நேரத்தை வைத்து வடிகட்டுகிறோம், தொடங்கியதும் அது பழசாகிவிடுகிறது. முடிவு நேரத்தை வைத்து வடிகட்ட வேண்டும். முடிவு நேரமே கொடுக்காத நிகழ்ச்சிகளை என்ன செய்வது? காலியாக உள்ள ஃபீல்டு எந்த ஒப்பீட்டிலும் தேறாது, முன் என்றாலும் பின் என்றாலும் விழுந்துவிடும். ‘அல்லது முடிவு காலி’ என்று ஒரு குழு சேர்த்து, அதற்குள் தொடக்கம்

மாமா கூப்பிடுகிறார்.